ரெண்டு பீரும் ஒரு கல்யாண மண்டபமும்

ஒலிம்பிக்கில் தடை செய்யப்பட்ட வஸ்துவை உள்ளே தள்ளிவிட்டு மாட்டிக்கொண்ட முதல் ஆசாமி யார் என்று கேட்டால், பனியனுக்குள் அடங்காத ஒரு பளுதூக்கும் பயில்வானைத்தான் மனசு கற்பனை செய்யும். நிஜத்தில் அந்தக் கிரீடம் ஹான்ஸ்-குன்னார் லில்யென்வால் என்ற ஸ்வீடன்காரர் தலையில் இருக்கிறது. ஆண்டு 1968. ஊர் மெக்சிகோ சிட்டி. உள்ளே போன வஸ்து பீர். எத்தனை என்று கேட்டதற்கு அவர் சொன்ன கணக்கு: ரெண்டு.

பிடிபட்டவன் சொல்கிற எண்ணிக்கை உலகம் முழுக்க ரெண்டுதான். போலீஸ் ஊதச் சொல்லும்போதும் ரெண்டு, பெண்டாட்டி கதவைத் திறக்கும்போதும் ரெண்டு. ஸ்வீடன்காரரும் மரபை மீறவில்லை.

பாவம், மனிதர் குஷிக்காகக் குடிக்கவில்லை. கை நடுங்கக் கூடாதே என்று குடித்தார். அவர் கலந்துகொண்டது மாடர்ன் பென்டத்லான் என்ற ஐந்து வேலைப் போட்டி. நவீன ஒலிம்பிக்கை ஆரம்பித்துவைத்த குபெர்த்தான் பிரபுவின் ஆசையில் பிறந்த பிள்ளை அது. எதிரி எல்லைக்குள் சிக்கிக்கொண்ட குதிரைப்படை அதிகாரி எப்படித் தப்பித்து வருவான் என்பதுதான் அதன் கதைச்சுருக்கம். அந்தக் காலத்து விதிப்படி, முன்பின் பழக்கமில்லாத குதிரைமேல் ஏற வேண்டும். வாள் வீச வேண்டும். நீந்த வேண்டும். ஓட வேண்டும். நடுவில் பிஸ்டலை எடுத்து, ஒற்றைக் கையை நீட்டி, அசையாமல் நின்று சுட வேண்டும். நாலு வேலைக்கு ரத்தம் கொதிக்க வேண்டும். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அது ஆறியிருக்க வேண்டும். பிரபு கதை எழுதினாரே தவிர, ரத்தத்தை ஆற்றுவது எப்படி என்று எழுதிவைக்கவில்லை. லில்யென்வால் தனக்குத் தெரிந்த வழியில் ஆற்றிக்கொண்டார்.

ஆனால் கோடைக்கால ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துச் சோதனை என்ற சங்கதி நுழைந்ததே அந்த மெக்சிகோவில்தான். ரத்தத்தில் சாராயம் இருக்கிறதென்று தெரிந்தது. ஸ்வீடன் அணி வாங்கிய வெண்கலத்தைத் திருப்பிக் கேட்டு, பிரான்ஸ் கையில் கொடுத்துவிட்டார்கள். அணியில் மூன்று பேர். அதில் பியோர்ன் ஃபெர்ம் தனிநபர் பிரிவில் தங்கம் வாங்கியிருந்தார், அதை யாரும் தொடவில்லை. மூன்றாவது ஆளான ஹான்ஸ் யாகப்சனை நினைத்துப் பாருங்கள். குடித்தது ஒருவர், தங்கத்தோடு வீட்டுக்குப் போனது இன்னொருவர், நடுவில் நின்றவருக்கு ஒரு கிளாஸ் நுரைகூட இல்லை.

இந்தப் போட்டியில் சுடுகிற பகுதிக்கு ஆரம்பத்திலிருந்தே ராசி கிடையாது. முதன்முதலாக 1912-இல் ஸ்டாக்ஹோமில் நடந்தபோது அமெரிக்கா ஓர் இளம் லெப்டினன்டை அனுப்பியது. பெயர் ஜார்ஜ் பாட்டன். ஆமாம், பிற்காலத்தில் டாங்கிகளோடு ஐரோப்பாவில் புகுந்து விளையாடிய அதே ஜெனரல் பாட்டன். பெரும்பாலானவர்கள் சின்ன .22 துப்பாக்கியோடு வந்திருக்க, நம்மாள் ராணுவ மிடுக்கோடு .38 ரிவால்வரை நீட்டினார். அட்டையில் சில குண்டுகளின் தடமே காணோம். நடுவர்கள், “தம்பி, இலக்கையே தாண்டிப் போய்விட்டது” என்றார்கள். பாட்டன் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே போட்ட ஓட்டை வழியாகத்தான் அடுத்த குண்டும் போயிருக்கிறது, அதனால்தான் புது ஓட்டை இல்லை என்றார். பரீட்சைத் தாளில் எழுதாமல் விட்ட பதிலுக்கு மார்க் கேட்கும் இந்த நெஞ்சுரம்தான் பின்னால் அவரை ஜெனரலாக்கியிருக்க வேண்டும். நடுவர்கள் மசியவில்லை. சுடுவதில் நடுவாந்தரம், மொத்தத்தில் ஐந்தாம் இடம். அவருக்கு மேலே இருந்த நாலு பேரும் ஸ்வீடன்காரர்கள். அன்று அவர்கள் என்ன குடித்துவிட்டுச் சுட்டார்கள் என்று சோதிக்க ஆளில்லை.

மெக்சிகோவுக்குப் பிறகு வீரர்கள் திருந்தினார்கள். அதாவது, பாட்டிலை விட்டுவிட்டு மாத்திரைக்கு மாறினார்கள். 1972 மியூனிக்கில் பத்துப் பேருக்கு மேல் மனசாந்தி மாத்திரை போட்டிருந்தது சோதனையில் தெரிந்தது. விளையாட்டுச் சங்கத்தின் தடைப் பட்டியலில் அது இருந்தது. ஒலிம்பிக் கமிட்டியின் பட்டியலில் இல்லை. இரண்டு பட்டியல்களுக்கு இடையில் இருந்த சந்து வழியாக எல்லாரும் சாந்தமாக வெளியேறினார்கள். கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி அதிகாரி, சோதனைக்கூடத்தை நம்பாமல் அட்டவணையில் கை வைத்தார். 1984 லாஸ் ஏஞ்சலீஸில் சுடுதலும் ஓட்டமும் ஒரே நாளில் வந்தன. கை நடுங்காமலிருக்க மாத்திரை போடுகிறாயா, தாராளமாகப் போடு. சாயங்காலம் அதே உடம்போடு 4 கிலோமீட்டர் ஓடிக் காட்டு. எந்த ரத்தப் பரிசோதனையையும்விட இது உருப்படியான வைத்தியம் என்பது என் கட்சி.

இவ்வளவு பாடு எதற்கு என்று தெரிய, சுடுவதே முழு வேலையாக இருக்கும் போட்டிகளின் இலக்கைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஏர் ரைஃபிள் போட்டியில் தூரம் 10 மீட்டர். அட்டையின் நட்டநடுவில் இருக்கும் பத்து, அரை மில்லிமீட்டர் புள்ளி. பால்பாயின்ட் பேனாவைத் தவறுதலாக ஒரு தடவை வைத்து எடுத்த அளவு. அதை நோக்கிப் போகும் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். அதாவது, எட்டிப் பிடிக்க வேண்டிய புள்ளியைவிட எய்யும் குண்டு ஒன்பது மடங்கு பெரிசு. நட்டநடுவில் போனால் 10.9. இம்மி பிசகினால் 10.2. மூச்சு விட்டால் துப்பாக்கி ஏறி இறங்கும், அதை அடக்கிக்கொள்ளலாம். இதயத்தை அடக்க முடியாதே. லப் என்றால் குழல் ஓர் ஆட்டம், டப் என்றால் இன்னோர் ஆட்டம். கெட்டிக்காரர்கள் இரண்டு துடிப்புக்கு நடுவில் கிடைக்கும் சந்தில் விசையை அழுத்துகிறார்கள். கான்வாஸும் தோலும் வைத்துத் தைத்த, கழற்றிப் போட்டால் தானாகவே நிற்கும் போலிருக்கிற கோட்டு எல்லாம் உடம்பின் ஆட்டத்தைக் குறைக்கத்தான். கோட்டுக்கு உள்ளே துடிப்பதற்குத் தையல்காரர் என்ன செய்வார்?

அதற்குத்தான் பீட்டா பிளாக்கர். ரத்த அழுத்தத்துக்காக நம் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவில் இருக்கும் அதே சமாசாரம். இதயத் துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கத்தை நிறுத்தும். துப்பாக்கி சுடுபவர்களுக்கு இது போட்டி நாளில் மட்டுமல்ல, வருஷம் முழுக்கத் தடை. 2008 பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜோங்-சு ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் என்று இரண்டு பதக்கம் வாங்கி, ப்ரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் போட்டிருந்ததாகச் சோதனையில் தெரிந்து இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். வட கொரியாவிலிருந்து ஒலிம்பிக்குக்கு வந்து நிற்பவருக்குப் படபடப்பு இருக்கக் கூடாது என்று சட்டம் போடுவது கொஞ்சம் அநியாயம்தான்.

நம் ஊர்க் கோச்சிங் சென்டர்களில் இந்தப் படபடப்புக்கு ஒரு நிரந்தர மருந்து உண்டு. சுவரில் அர்ஜுனன் படம். மரத்தில் பறவை, “குருவே, எனக்குக் கண் மட்டும்தான் தெரிகிறது” வசனம். சரி, ஆனால் அது என்ன போட்டி? மரத்தால் செய்த பறவை. பார்வையாளர்கள் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள். வாராந்தரத் தேர்வு. அதே அர்ஜுனன் ஃபைனலுக்கு வந்தபோது என்ன ஆனான் என்பதைச் சுவரில் யாரும் மாட்டுவதில்லை. கீதையின் முதல் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். கை கால் தளர்கிறது, வாய் உலர்கிறது, உடம்பு நடுங்குகிறது, மயிர்க்கூச்செறிகிறது, தோல் எரிகிறது, நிற்க முடியவில்லை, தலை சுற்றுகிறது, காண்டீவம் கையை விட்டு நழுவுகிறது. இன்றைய ஸ்போர்ட்ஸ் டாக்டர் உட்கார்ந்து எழுதினாலும் ஒரு வரி கூடச் சேர்க்க முடியாத பட்டியல். நல்லவேளை, கோச் அதே தேரில் இருந்தார், 18 அத்தியாயம் பேசினார். இன்றைய ஏர் ரைஃபிள் ஃபைனலில் ஒரு குண்டுக்கு 50 விநாடி. கண்ணன் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

இனி மாத்யூ எம்மன்ஸ். அமெரிக்காக்காரர். படபடப்புக்குச் சிலை வைப்பதென்றால் இவரை நிற்கவைத்துத்தான் செதுக்க வேண்டும்.

2004 ஏதென்ஸுக்குக் கிளம்பும் முன்பே இவர் துப்பாக்கியின் குழலுக்குள் யாரோ ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குடைந்துவைத்திருந்தார்கள். எம்மன்ஸ் கூடப் படித்த ஒரு வீராங்கனையிடம் துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு போய், 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் அடித்தார். இரவல் துப்பாக்கியில் தங்கம் அடித்தவனுக்கு இனி என்ன பயம்? அடுத்தது படுத்தும் நின்றும் முழந்தாளிட்டும் சுடும் மூன்று நிலைப் போட்டி. ஃபைனலில் 9 குண்டு முடிந்தபோது எம்மன்ஸ் 3 புள்ளி முன்னால். ஒரே ஒரு குண்டு பாக்கி. 7.2 அடித்தால் தங்கம். அவர் தரத்துக்கு 7.2 என்பது கொட்டாவி விட்டுக்கொண்டே அடிக்கிற ஸ்கோர்.

சுட்டார். திரையில் எதுவும் வரவில்லை. திரும்பி நடுவர்களிடம், நான் சுட்டேனே, கருவி ரிப்பேரா என்று சைகை காட்டினார். மேஜையைச் சுற்றி ஒரு மாநாடு நடந்தது. கருவி நன்றாகவே இருந்தது. பக்கத்து லேனில், ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் பிளானருடைய இலக்கில்தான் ஒரு குண்டு அதிகமாக இருந்தது. இரண்டாம் லேனில் நின்றுகொண்டு மூன்றாம் லேனைச் சுட்டிருக்கிறார் நம்மவர். அங்கே 8.1. சொந்த இலக்கில் அதைச் சுட்டிருந்தால் தங்கம். அடுத்தவன் வீட்டு வாசலில் போட்ட கோலத்துக்கு நம் வீட்டில் பரிசு தர மாட்டார்களே. முட்டை போட்டு எட்டாவது இடத்துக்குத் தள்ளினார்கள். சீனாவின் ஜியா ஷான்போ, தான் ஜெயித்துவிட்டதைப் புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

இதில் எனக்குப் பிடித்த கட்டம் பிறகு வந்த விளக்கம். எம்மன்ஸ் எப்போதும் முதலில் லேன் எண்ணைப் பார்ப்பாராம், பிறகு துப்பாக்கியை இலக்குக்கு இறக்குவாராம். அன்றைக்குக் கடைசிக் குண்டில் எண்ணைப் பார்க்கவில்லை. ஏன்? தன்னை அமைதிப்படுத்திக்கொள்வதிலேயே கவனமாக இருந்தாராம். பதற்றத்தால் போகவில்லை ஐயா, பதறக் கூடாது என்ற அக்கறையால் போயிற்று. ‘ரிலாக்ஸ், ரிலாக்ஸ்’ என்று முதுகில் தட்டும் அத்தனை பேருக்கும் இந்தக் கதையை லேமினேட் செய்து கொடுக்கலாம். அமைதியாக இருப்பதும் ஒரு வேலைதான். அதைப் பார்க்கப் போனால் பார்த்துக்கொண்டிருந்த வேலை ஒன்று கைவிட்டுப் போகும்.

அன்றிரவு எம்மன்ஸ் பீர்த் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். போட்டி முடிந்த பிறகு பீர் குடிப்பதற்குத் தடையில்லை. லில்யென்வாலுக்கு யாராவது இந்த வரிசைக்கிரமத்தைச் சொல்லியிருக்கலாம். செக் நாட்டு வீராங்கனை கேத்தரினா குர்கோவா வந்து ஆறுதல் சொன்னார். அவர் அந்த ஏதென்ஸிலேயே ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியிருந்தவர். ஆறுதல் நீண்டுகொண்டே போய், 2007-இல் கல்யாணத்தில் முடிந்தது. தப்பான இலக்கைச் சுட்டவருக்குச் சரியான இடத்தில் பட்டது என்று அப்போது எழுதாத பத்திரிகையாளர் இருந்திருக்க முடியாது.

2008 பெய்ஜிங். அந்த ஒலிம்பிக்கின் முதல் தங்கமே பெண்கள் ஏர் ரைஃபிளில். சொந்த மண்ணில், முந்தைய சாம்பியன் டு லீ அதை அடித்துக் கணக்கைத் தொடங்கிவைப்பார் என்று சீனா மொத்தமும் காத்திருந்தது. அத்தனை பேரின் எதிர்பார்ப்பையும் தோளில் சுமந்துகொண்டு அரை மில்லிமீட்டர் புள்ளியைப் பார்த்தால் என்ன ஆகும்? ஐந்தாம் இடம் ஆகும். தங்கம் திருமதி எம்மன்ஸுக்குப் போனது. டு லீ அழுது தீர்த்துவிட்டு, சில நாள் கழித்து, எல்லாரும் நம்பிக்கையை விட்ட பிறகு, வேறொரு பிரிவில் வந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பிரிவில் வெள்ளி திருமதி எம்மன்ஸுக்கு. இப்படி அம்மணி அள்ளிக்கொண்டிருந்தபோது ஐயாவின் மூன்று நிலை ஃபைனல் வந்தது.

மறுபடியும் கடைசிக் குண்டு. மறுபடியும் முன்னிலை, இந்த முறை 3.3 புள்ளி. 6.7 போதும். எம்மன்ஸ் லேன் எண்ணைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அவர் வழக்கப்படி மேலிருந்து துப்பாக்கியை இலக்கின் மையத்துக்கு மெதுவாக இறக்கினார். இறங்கி முடிப்பதற்குள் விரல் விசையைத் தொட்டுவிட்டது. அந்த வகைத் துப்பாக்கியின் விசைக்குத் தொட்டாலே போதும். 4.4. தங்கம் சீனாவின் சியூ ஜியானுக்கு, இவருக்கு நான்காம் இடம். நாலு வருஷம் முன்பு சீனாவுக்குக் கொடுத்ததை இந்த முறை சீனாவுக்கே வந்து டோர் டெலிவரி செய்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவி கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னார். ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதால் இந்த முறை அந்த லாபமும் இல்லை.

2012 லண்டன். நடுவில் தைராய்டு புற்றுநோயை ஜெயித்துவிட்டு மனிதர் திரும்பி வந்திருந்தார். அதே போட்டி, அதே கடைசிக் குண்டு. வெள்ளி கையில் இருந்தது. 7.6 அடித்தார். வெண்கலம் கிடைத்தது. அரங்கமே பெருமூச்சு விட, எம்மன்ஸ் சிரித்துக்கொண்டு நின்றார். அவருடைய கடைசிக் குண்டு வரலாற்றைப் பார்த்தால் இது அமோக வெற்றி.

நம்ம அபினவ் பிந்த்ராவுக்கும் ஏதென்ஸில்தான் அடி. ஃபைனலில் அவர் நின்ற இடத்தில் காலுக்கடியில் ஒரு டைல் சரியாக ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்ததாம். ஏழாம் இடம். சாதாரண ஆள் என்றால் மேஸ்திரியைத் திட்டிவிட்டு மறந்திருப்பார். பிந்த்ரா அதற்குப் பிறகு உலகத்தில் எதையும் நம்பவில்லை. தரையை, வெளிச்சத்தை, சத்தத்தை, முக்கியமாகத் தன்னை. சண்டிகரில் வீட்டிலேயே சுடுகூடம் வைத்திருந்தவர்தான்; ஆனால் பெய்ஜிங் ஃபைனல் அரங்கம் பெரிசாயிற்றே, வீட்டுக் கூடத்தில் அந்தப் பயம் வராதே என்று ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார். விளக்கு போட்டு, சத்தம் வைத்து, அங்கே நின்று சுட்டுப் பழகினார். நம் ஊரில் மண்டபத்தை எடுத்துவிட்டுச் சாப்பாடு போடாமல் துப்பாக்கியோடு நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ தெரியாது, சண்டிகரில் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அதோடு விடவில்லை. பெய்ஜிங் போகும் முன் ஜெர்மனியில் 40 அடி உயரக் கம்பம் ஒன்றில் ஏறினார். உச்சியில் நிற்க இருக்கும் இடம் பீட்சா அளவு. அதனால் அதற்குப் பெயரே பீட்சா கம்பம். பாதியில் கை கால் உதறி, இறங்கிவிடலாம் என்று தோன்றியதாம். ஏறினார். 10 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையைச் சுடுவதற்கு 40 அடி மேலே எதற்கு ஏற வேண்டும் என்று கேட்டால், கேட்பவருக்கு ஃபைனல் ஆடிய அனுபவம் இல்லை என்று அர்த்தம். பயத்தைத் துரத்துவதெல்லாம் நடக்காத காரியம் என்று பிந்த்ராவுக்குப் புரிந்துபோயிருந்தது. அதனால் அதைக் கூடவே கூட்டிக்கொண்டு மண்டபம், கம்பம் என்று சுற்றிப் பழக்கிவிட்டார்.

பழக்கியது நல்லதாகப் போயிற்று. 2008 ஆகஸ்ட் 11, ஃபைனலுக்கு முன் சோதனைக் குண்டு போட்டுப் பார்க்கிறார். பத்துக்குப் போக வேண்டியது 4-க்குப் போகிறது. குறிபார்க்கும் சைட் நகர்ந்திருக்கிறது. யாராவது கை வைத்தார்களா, தானாக நகர்ந்ததா என்பது தனிப் பஞ்சாயத்து. கொடுத்த சில நிமிஷத்தில் திருகித் திருகி நேராக்கினார். 9 குண்டு முடிந்தபோது பின்லாந்தின் ஹென்றி ஹக்கினனும் அவரும் சரிசமம். கடைசிக் குண்டு. ஹக்கினன் 9.7. பிந்த்ரா 10.8. மொத்தம் 700.5, இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம். நாடே கூரை ஏறிக் குதித்தது. ஜெயித்தவர் முகத்தில் மட்டும் பால் பாக்கெட் வாங்க வந்தவரின் நிதானம்.

2024 பாரிஸில் உலகம் வேறு ஒரு நிதானத்தைக் கண்டுபிடித்தது. துருக்கியின் யூசுஃப் டிகெச், 51 வயசு. சாதாரணக் கண்ணாடி, டீ-ஷர்ட், பேன்ட் பாக்கெட்டில் ஒரு கை. வீட்டில் காய்கறி வாங்கி வரச் சொன்னார்கள், வழியில் ஒரு வெள்ளிப் பதக்கத்தை அடித்துவிட்டு வந்தார் என்கிற ரீதியில் மீம் போட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஏர் பிஸ்டலில் அநேகமாக எல்லாருமே சும்மா இருக்கும் கையைப் பாக்கெட்டில் வைத்தோ பெல்ட்டில் செருகியோதான் நிற்பார்கள். தொங்கவிட்டால் உடம்பு ஆடும். அந்த மாமா ராணுவப் பின்னணிக்காரர், அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். அப்புறம், அது ஜோடியாகச் சுடும் போட்டி; தங்கம் வாங்கியது செர்பியா ஜோடி. அவர்களுக்கு ஒரு மீமும் இல்லை.

அதே பாரிஸில் தென் கொரியாவின் கிம் யே-ஜி. திருப்பிப் போட்ட தொப்பி, இடுப்பில் தொங்கும் யானைப் பொம்மை, சயின்ஸ் ஃபிக்ஷன் படத்தில் வருவது மாதிரி ஒற்றைக் கண் லென்ஸ். அந்த மே மாதம் பாக்குவில் 25 மீட்டர் பிஸ்டலில் உலக சாதனையை முறியடித்துவிட்டு, கரன்ட் பில் கட்டி முடித்த முகத்தோடு துப்பாக்கியைக் கீழே வைத்தாரே, அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஈலான் மஸ்க் இவரை ஆக்‌ஷன் படத்தில் போடச் சொன்னார். பாரிஸில் ஏர் பிஸ்டலில் வெள்ளி. அடுத்தது சாதனைக்குரிய அதே 25 மீட்டர். அதன் வேகப் பிரிவில் இலக்கு 3 விநாடிதான் திறந்திருக்கும்; அதற்குள் கையைத் தூக்கிச் சுட்டுவிட வேண்டும். பூமியிலேயே பதறத் தெரியாத பெண்மணி என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கியவர், ஒரு குண்டை நிதானமாகக் குறிபார்த்தார். 3 விநாடி முடிந்துவிட்டது. பூஜ்யம். ஃபைனலுக்கே போகவில்லை. முட்டை வாங்கினால் உலகம் முடிந்துவிடாது என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டு, முகம் மாறாமல் ஊருக்குப் போனார். அங்கே பத்திரிகையாளர் சந்திப்புக்குக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் மயங்கி விழுந்தார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. ஓய்வில்லாத அலைச்சல்தான் காரணம் என்றார்கள்.